தானம் வந்த மாட்டுக்கும் பல் பார்க்க வேண்டும்

குழந்தைகளுக்கான உடை, டயப்பர், தொட்டில் போன்றவற்றை ஊராரிடம் திரட்டி, வாங்க வழியில்லாத குடும்பங்களுக்குக் கொடுத்துவரும் மையங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்களில் சிலருக்கு என்னைத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை காலையில் பின்னறையில் உட்கார்ந்து, வந்து குவிந்த மூட்டைகளைப் பிரித்து, பட்டன் போனதை ஒரு பக்கம், கறை பட்டதை ஒரு பக்கம் என்று ஒதுக்குகிற ஆட்களில் நானும் ஒருத்தி. ஐந்து வருடமாக இதைச் செய்கிறேன். அதற்கு முன்னால் இப்படியொரு மையத்துக்கு வேறொரு காரணத்துக்காகப் போயிருக்கிறேன். அன்றைக்கு நான் நின்றது மேசைக்கு அந்தப் பக்கம்.

இரண்டாவது குழந்தைக்கு அப்போது ஐந்து மாதம். கணவருக்கு வேலை போய் நான்கு மாதம். வரிசையில் நின்று, படிவம் நிரப்பி, குடும்ப வருமானம் எவ்வளவு என்று ஒரு தடவை எழுதிக் கொடுத்து, இன்னொரு தடவை வாயாலும் சொல்லி (பின்னால் நின்றவர்களுக்கும் நன்றாகவே கேட்டிருக்கும்), கடைசியில் ஒரு பையை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கட்டிலில் கொட்டிப் பார்த்தேன். அன்று பிறந்த குழந்தைக்குப் போடும் அளவில் ஒன்பது சட்டைகள். வெல்வெட்டில் ஒரு ஜோடி காலணி. என் மகள் இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. யாரோ பிரித்துப் பாதி தீர்த்த பால் பவுடர் டின் ஒன்று. டயப்பர் ஒன்றுகூட இல்லை. நான் படிவத்தில் எழுதியிருந்தது டயப்பர் மட்டும்தான்.

குறை சொல்ல அன்று மனம் வரவில்லை. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கொடுத்தவர் நல்ல மனதோடுதான் கொடுத்தார், வாங்கியவள் நன்றி சொல்லிவிட்டு வர வேண்டியதுதான், அவ்வளவுதான் கணக்கு என்று இருந்துவிட்டேன்.

போன மாதம் நடந்த ஒன்றுதான் இப்போது எழுத வைக்கிறது. ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்தாள். அவளுக்காக ஒரு கார் சீட் (காரில் குழந்தையை உட்காரவைத்துப் பட்டை போட்டுக் கட்டும் இருக்கை) எடுத்து வைத்திருந்தோம். அவள் அதைத் தலைகீழாகப் புரட்டி, அடியில் இருந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, "இது எந்த வருடம் வாங்கினதுங்க? எங்கேயாவது அடிபட்டதா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எங்களில் யாருக்கும் தெரியவில்லை. "அப்படியென்றால் வேண்டாங்க" என்றாள். அவள் போனபிறகு எங்களில் ஒருவர், "சும்மா கிடைக்கிறதுக்கே இவ்வளவு கேள்வியா" என்றார். நான் போய் அந்த சீட்டைப் புரட்டிப் பார்த்தேன். பிளாஸ்டிக்கிலேயே பொறித்திருந்த காலாவதி வருடம் கடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

சரி. நான் சொல்ல வந்தது இதுதான்: குழந்தை விஷயத்தில் அந்தப் பழமொழியைத் தூக்கி ஓரமாக வையுங்கள். பல்லைப் பிடித்துப் பாருங்கள். நீங்கள் பார்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வாங்க வருகிறவளும் பார்க்கட்டும், கேட்கட்டும், பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லட்டும். அதைச் சொன்னதற்காக அடுத்த தடவை அவள் பெயர் பட்டியலில் கீழே போகாமல் இருக்கட்டும்.

டயப்பரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 12 டயப்பர் வரை மாற்ற வேண்டியிருக்கும். 10 என்று வைத்துக்கொண்டாலே மாதம் 300. வளர வளர எண்ணிக்கை குறையும்தான். ஆனால் அளவு பெரிதாகப் பெரிதாக ஒரு பாக்கெட்டில் இருப்பதும் குறையும், விலை குறையாது. இது தேவைப்படாமல் போக இரண்டு, இரண்டரை, சில குழந்தைகளுக்கு மூன்று வயதுகூட ஆகும். நாம் "குடும்பத்துக்கு ஒன்று" என்று அளந்து கொடுக்கும் 30 டயப்பர் பாக்கெட், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் மூன்று நாள். நான்காம் நாள் காலையில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று எந்தக் கூட்டத்திலும் நாம் பேசியதில்லை.

நான் சொல்கிறேன். நனைந்ததைக் காயவைத்து மறுபடி கட்டுவோம். இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும், இன்னும் ஒரு மணி நேரம் தாங்கும் என்று தள்ளிப்போடுவோம். உள்ளே இருக்கும் பஞ்சை மட்டும் எடுத்துவிட்டுத் துணி வைத்துப் பார்ப்போம். குழந்தையின் தோல் சிவக்கும், புண்ணாகும், சிறுநீர்ப் பாதையில் தொற்று வரவும் வாய்ப்பு உண்டு. புண்ணான குழந்தை தூங்காது. தூங்காத குழந்தையை வைத்துக்கொண்டு அம்மாவும் தூங்க மாட்டாள். பல காப்பகங்களில் அன்றன்றைக்கான டயப்பரை வீட்டிலிருந்து கொண்டுவந்தால்தான் குழந்தையைச் சேர்த்துக்கொள்வார்கள். டயப்பர் இல்லாவிட்டால் குழந்தையை விட முடியாது, குழந்தையை விடாமல் வேலைக்குப் போக முடியாது, வேலைக்குப் போகாமல் டயப்பர் வாங்க முடியாது. இந்தச் சக்கரத்துக்குள் மாட்டிக்கொண்டவளுக்கு வெல்வெட் காலணி என்ன செய்யும்?

அமெரிக்காவில் ஏழைக் குடும்பங்களுக்கான பெரிய அரசு உணவு உதவித் திட்டங்களின் பணத்தில் டயப்பர் வாங்க முடியாது. உணவுக்கு உதவி உண்டு, பால் பவுடருக்கு உதவி உண்டு, டயப்பருக்கு இல்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் அங்கே டயப்பர் வங்கிகள் என்றே தனியாக முளைத்தன. 2011-ல் அவை தேசிய அளவில் ஒரு கூட்டமைப்பையும் அமைத்துக்கொண்டன. அவர்கள் செய்வதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கடைகளில் பாக்கெட் வாங்கித் தாருங்கள் என்று கேட்பதோடு நிற்பதில்லை. பணமாகத் திரட்டி, தயாரிப்பாளர்களிடம் மொத்தமாக வாங்குகிறார்கள். நன்கொடையாளர் கடையில் ஒரு பாக்கெட்டுக்குக் கொடுக்கும் பணம் அப்படி வாங்கும்போது அதிகத் தூரம் போகிறது. நாமோ "பணம் கேட்டால் சந்தேகப்படுவார்கள், பொருளாகக் கேட்போம்" என்று தயங்குகிறோம். கணக்கை மாதாமாதம் வாசலில் ஒட்டிவிட்டுக் கேளுங்கள், கொடுப்பார்கள்.

இந்த இடத்தில் கூட்டத்தில் யாராவது ஒருவர் கையைத் தூக்கி, "துணி டயப்பர் கொடுக்கலாமே, துவைத்துத் துவைத்துக் கட்டலாமே" என்பார். ஒவ்வொரு தடவையும் நடப்பதுதான். தண்ணீரும் துவைக்க நேரமும் காயப்போட இடமும் இருக்கிற வீட்டுக்கு அது மிக நல்ல வழி. ஒரே அறையில் நான்கு பேர் இருந்துகொண்டு, காசு போட்டு ஓட்டும் பொதுச் சலவை இயந்திரத்தை நம்பியிருக்கிற வீட்டில் அது இன்னொரு செலவு. யார் வீடு எப்படி என்று நமக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்லிவிடுவாள்.

அப்புறம் உடைகள். பின்னறையில் தலைக்கு மேல் குவிந்திருப்பவற்றில் பெரும்பகுதி பிறந்த குழந்தை அளவு. அதற்கு யாரும் குற்றவாளி இல்லை, குழந்தை வளர்கிற வேகம்தான் காரணம். பிறக்கும்போது இருந்த எடை ஐந்து மாத வாக்கில் இரட்டிப்பாகிறது, ஒரு வயதில் மூன்று மடங்காகிறது. 50 சென்டிமீட்டர் அளவில் பிறந்த குழந்தை முதல் பிறந்த நாளில் 75 சென்டிமீட்டர் வந்துவிடும். அதனால் முதல் மாதத்துச் சட்டையை நான்கு தடவை போட்டதோடு சரி, புதுக்கருக்கு அழியாமல் மூட்டைக்கு வந்துவிடும். தவழும் குழந்தையின் கால்சட்டை வேறு கதை. முழங்கால் தேய்ந்து, கறை பிடித்து, கிழிந்து, கடைசியில் வீட்டில் கைத்துணியாகிவிடும். ஆக, எது அதிகம் தேவையோ அது தானமாக வராது. எது அதிகம் வருகிறதோ அது வாங்க வருகிறவளுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. இந்தக் கோணலை நன்கொடையாளரிடம் சொல்லாமல் "குழந்தை உடைகள் தாருங்கள்" என்று மட்டும் சுவரொட்டி போட்டால் அதே ஒன்பது சட்டைதான் திரும்பத் திரும்ப வரும். "ஒரு வயது முதல் இரண்டு வயது வரைக்கான கால்சட்டை, உள்ளாடை, குளிர் உடுப்பு. இந்த மாதம் வேறு எதுவும் வேண்டாம்" என்று எழுதிப் பாருங்கள். சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

தாய்க்கும் ஒன்று. பிரசவத்துக்குப் பிறகு நான்கிலிருந்து ஆறு வாரம் வரை ரத்தப்போக்கு இருக்கும். அதற்கான நாப்கின்களை ஐந்து வருடத்தில் இரண்டு பேர்தான் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். கேட்க நமக்குக் கூச்சம், அவர்களுக்கும் கூச்சம். பட்டியலில் எழுதிப் போட்டால் யாரும் வாய் திறந்து கேட்க வேண்டியதில்லை.

இனி, பல் பார்க்கிற வேலை. இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் சீட் ஒரு தடவை விபத்தில் மாட்டியிருந்தால் வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளே விரிசல் விட்டிருக்கலாம். பிளாஸ்டிக் வெயிலிலும் குளிரிலும் நாளாவட்டத்தில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அதனால்தான் பல தயாரிப்பாளர்கள் 6 முதல் 10 வருடத்தைக் கெடுவாக வைக்கிறார்கள். கொடுப்பவரை நமக்கு நேரடியாகத் தெரிந்து, அதன் முழு வரலாற்றையும் அவர் சொன்னால் ஒழிய, அதை வாங்கவே கூடாது. "பார்க்கப் புதுசு மாதிரிதான் இருக்கிறது" என்பது ஒரு பதிலே இல்லை.

கட்டில் தொட்டிலில் பக்கவாட்டுக் கம்பி வரிசை மேலும் கீழும் இறங்கி ஏறுகிற வகை ஒன்று உண்டு. நம்மில் பலர் பிள்ளை வளர்த்தது அதில்தான், தூக்குவதற்கு வசதி. அந்தப் பக்கம் ஒரு மூலையில் கழன்றால் மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழும், குழந்தை அதில் உருண்டு மாட்டிக்கொள்ளும். அப்படி 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தபிறகு, 2011 ஜூன் மாதத்திலிருந்து அமெரிக்காவில் அந்த வகையைச் செய்வதும் விற்பதும் தடை செய்யப்பட்டன. தானமாக வருவதில் அது இன்னும் இருக்கிறது, ஏனென்றால் பரணில் பத்திரமாகக் கட்டி வைத்திருந்ததை எடுத்துத் தருகிறார்கள். பாசத்தோடு தருகிறார்கள், அதுதான் மறுப்பதற்குக் கஷ்டம். திருகாணி ஒன்று குறைந்தாலும், கம்பிகளுக்கு நடுவே இடைவெளி 6 சென்டிமீட்டரை விட நன்றாக அதிகமாக இருந்தாலும், மெத்தை ஓரத்தில் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தாலும் திருப்பி அனுப்புங்கள்.

தொட்டிலைச் சுற்றி உள்பக்கம் கட்டும் மெத்தென்ற தடுப்பும், குழந்தையைச் சாய்வாகத் தூங்கவைக்கும் இருக்கையும் இன்னும் மூட்டைகளில் வருகின்றன. அழகாக இருக்கும், விலை கூடியதாகவும் இருக்கும், அதனால் பரிசுப் பையின் மேலே தெரிகிற மாதிரி அடுக்குவோம். 2019-ல் ஒரே ஒரு நிறுவனம் மட்டும் அப்படிப்பட்ட சாய்வுப் படுக்கைகளில் ஏறத்தாழ 47 லட்சத்தைத் திரும்பப் பெற வேண்டிவந்தது. சாய்ந்த நிலையில் தலை முன்னால் தொங்கி மூச்சுப்பாதை அடைபடும், குழந்தை புரண்டால் முகம் பஞ்சில் புதையும். 2022-ல் வந்த அமெரிக்கச் சட்டம் இந்தப் படுக்கைகளையும் மெத்தைத் தடுப்புகளையும் சேர்த்தே தடை செய்தது. குழந்தையைத் தட்டையான, அமுங்காத கெட்டியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லி 1990-களின் தொடக்கத்தில் பல நாடுகளில் பிரசாரம் நடந்தது. அதன்பிறகு தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் அங்கெல்லாம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. பக்கத்தில் தலையணை வேண்டாம், பொம்மை வேண்டாம், தடுப்பு வேண்டாம். வெறும் படுக்கைதான் பாதுகாப்பு. நாம் பையில் அடைத்துக் கொடுக்கும் பஞ்சு பொம்மைகளையும் குட்டித் தலையணைகளையும் நினைத்தால் எனக்குச் சில இரவுகளில் சங்கடமாக இருக்கிறது.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய பால் புட்டிகளின் ரப்பர் காம்பை யாருக்கும் கொடுக்காதீர்கள். புட்டிகளே பழையதாக இருந்தால் அவையும் வேண்டாம். பிபிஏ என்ற வேதிப்பொருள் கலந்த பால் புட்டிகளை ஐரோப்பிய ஒன்றியம் 2011-லும் அமெரிக்கா 2012-லும் விலக்கின, அதற்கு முந்தையவை இன்னும் பரணில் இருக்கின்றன. ஒருவர் பயன்பாட்டுக்கென்று செய்த தாய்ப்பால் பம்பின் உள்ளே பால் துளி போய்விட்டால் கழுவி எடுக்க முடியாது, அதை இன்னொருத்திக்குத் தரக் கூடாது. பொத்தான் போன்ற சின்ன பேட்டரி உள்ள பொம்மையின் மூடிக்குத் திருகாணி இல்லையென்றால் குப்பையில் போடுவதற்கு முன் பேட்டரியைத் தனியாக எடுத்துவிடுங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயை எரித்துவிடும்.

பால் பவுடர் விஷயத்தில் நான் தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். இதில் நம் குழுக்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது.

பிரித்த டின்னைப் பற்றி வாதமே இல்லை. திறந்த டின்னை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், எப்போது திறந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. திறக்காத டின்னில் இருக்கும் பவுடரே கிருமி நீக்கியதல்ல. அதனால்தான் கொதித்த தண்ணீர் 70 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஆறிவிடுவதற்கு முன் பவுடரைக் கலக்கி, பிறகு பாலை ஆறவைத்துக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். எனக்கு அன்று கொடுத்த பாதி டின்னை நான் என்ன செய்தேன் தெரியுமா? கொடுத்தேன், மகளுக்கு. வேறு எதுவும் இல்லை. ஒன்றும் ஆகவில்லை, அது அதிர்ஷ்டம்.

திறக்காத, கெடு தாண்டாத டின் என்றால்? அங்கேதான் சிக்கல். தாய்ப்பால் குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் இரக்கப்பட்டு இரண்டு டின்னைக் கொடுத்தால், அந்த இரண்டு வாரத்தில் அவளுக்குச் சுரப்பு குறைந்துவிடும். டின் தீர்ந்த அன்று கையில் பாலும் இருக்காது, பவுடர் வாங்கப் பணமும் இருக்காது. இலவச மாதிரி கொடுத்து வாடிக்கையாளரைப் பிடிக்கிற இந்த வித்தையை நிறுவனங்கள் எவ்வளவோ காலம் செய்தன. 1981 மே மாதம் உலக சுகாதார மாநாடு ஏற்றுக்கொண்ட நெறிமுறை, தாய்மார்களுக்கு இலவச மாதிரி கொடுக்கக் கூடாது என்று சொன்னது இதனால்தான். நல்ல மனதோடு நாம் செய்தாலும் விளைவு அதேதான்.

ஆனால் தாய்ப்பால் இல்லாமல் பவுடரையே நம்பியிருக்கிற குழந்தைகள் இருக்கிறார்கள். அம்மாவுக்கு நோய் இருக்கலாம், மருந்து எடுக்கலாம், அம்மாவே இல்லாமலும் போயிருக்கலாம், அவளே யோசித்து எடுத்த முடிவாகவும் இருக்கலாம். காரணம் கேட்க நாம் யார்? அந்த வீட்டில் டின் தீரும் தறுவாயில் பவுடரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். பார்க்கப் பால் போலத்தான் இருக்கும். ஆனால் குழந்தையின் ரத்தத்தில் உப்புச் சமநிலை குலைந்து வலிப்புகூட வரலாம். 2022-ல் அமெரிக்காவில் ஒரு பெரிய ஆலை மூடப்பட்டுத் தட்டுப்பாடு முற்றியபோது, தண்ணீர் கூட்டாதீர்கள், வீட்டிலேயே கலவை செய்து கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. இந்த வீட்டைப் பார்த்து "எங்கள் கொள்கைப்படி பவுடர் தருவதில்லை" என்று கதவைச் சாத்துவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

என் கருத்து இது. பவுடரை மேசையில் அடுக்கி வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் நீட்டாதீர்கள். பவுடரையே நம்பியிருக்கும் குழந்தை என்றால், ஒரு செவிலியரையோ குழந்தை மருத்துவரையோ துணைக்கு வைத்துக்கொண்டு, முதல் பிறந்த நாள் வரை தடையில்லாமல் கிடைக்க வழி செய்யுங்கள். அது நம்மால் முடியாதென்றால் முடிகிற இடத்துக்கு நீங்களே கையோடு அழைத்துப் போய் விடுங்கள். ஒரு தடவை கொடுத்துவிட்டுக் கைவிடுகிற உதவி இதில் உதவியே இல்லை.

இப்போது அந்தப் படிவம். வருமானச் சான்று, குடும்ப உறுப்பினர் விவரம், கணவர் பெயர், கணவர் இல்லையென்றால் ஏன் இல்லை. கடைசியாக ஒன்று, புகைப்படத்துக்குச் சம்மதம். என் முகமும் ஒரு வருடம் ஒரு சுவரில் இருந்தது. பையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன், பக்கத்தில் கொடுத்தவர் சிரிக்கிறார். மூத்தவளின் வகுப்புத் தோழி ஒருத்தி பார்த்துவிட்டு வந்து அவளிடம் சொன்னாள். அதற்கப்புறம் மூத்தவள் தங்கையின் அந்தச் சட்டைகளைக் கண்டாலே எடுத்து ஒளித்துவைப்பாள். அவளுக்கு அப்போது ஏழு வயது.

நீங்கள் சொல்லும் காரணம் தெரியும். ஏமாற்றுகிறவர்கள் வருவார்கள், வாங்கிப் போய் விற்பார்கள், நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும். ஐந்து வருடத்தில் அப்படி ஏமாற்றினார் என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவர் ஒருவர். படிவத்தைப் பார்த்து வாசலிலேயே திரும்பிப் போனவர்களை எண்ணவே இல்லை, எண்ணவும் முடியாது. அந்த ஒருவருக்காக எல்லாரையும் சல்லடையில் சலிக்க வேண்டுமா? மருத்துவமனைச் செவிலியரோ, சமூகப் பணியாளரோ, ஆசிரியரோ "இந்தக் குடும்பத்துக்குத் தேவை" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று சில இடங்களில் வைத்திருக்கிறார்கள். அதுவும் சரிதான், ஆனால் அப்படி யாரையும் தெரியாத குடும்பம்தான் அதிகமாகத் தவித்துக்கொண்டிருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது எந்தச் சீட்டும் இல்லாமல் வரலாம் என்று கதவைத் திறந்து வையுங்கள். நன்கொடையாளருக்குக் காட்ட முகம் வேண்டியதில்லை, எண்ணிக்கை போதும்.

பின்லாந்தின் கதையை ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள், இருந்தாலும் அதில் ஒரு பகுதியை யாரும் சொல்வதில்லை. 1930-களில் அங்கே பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் அறுபதுக்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. 1938-ல் அரசு தாய்மார்களுக்கு ஒரு பெட்டி கொடுக்கத் தொடங்கியது. உடைகள், துணிகள், படுக்கை விரிப்பு எல்லாம் உள்ளே. பிற்பாடு பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு மெத்தையும் வந்தது. பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. இது எல்லாருக்கும் தெரிந்தது. ஆரம்பத்தில் அது ஏழைத் தாய்மார்களுக்கு மட்டும்தான் என்பதும், 1949-ல் வருமானம் பார்க்காமல் எல்லாருக்கும் என்று மாற்றினார்கள் என்பதும்தான் நான் சொல்ல வந்தது. கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. பெட்டி வேண்டாதவர்கள் பணமாக வாங்கிக்கொள்ளலாம். சிசு மரணம் குறைந்ததற்குப் பெட்டி மட்டும் காரணமில்லை, அந்தப் பரிசோதனைக்கும் மற்ற மருத்துவ வசதிகளுக்கும்தான் பெரும்பங்கு. ஆனால் பணக்கார வீட்டுக் குழந்தையும் ஏழை வீட்டுக் குழந்தையும் ஒரே மாதிரிச் சட்டை போட்டிருந்தால், சட்டையைப் பார்த்து யார் வீடு எது என்று யாராலும் சொல்ல முடியாது. என் மூத்தவளுக்கு ஒளித்துவைக்க எதுவும் இருந்திருக்காது. ஸ்காட்லாந்தும் 2017-லிருந்து பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஒரு பெட்டி கொடுக்கிறது.

நாம் அரசு இல்லை, எல்லாருக்கும் கொடுக்க நம்மால் முடியாது. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் இருக்கின்றன. வேண்டாதவருக்கு மாற்று வழி வைத்திருந்தார்கள். பழைய மூட்டையை வாரிக் கொடுக்காமல் யோசித்து அடுக்கிய புதுப் பெட்டியைக் கொடுத்தார்கள்.

அதனால் என் கோரிக்கை, முன்கூட்டியே கட்டிவைத்த பைகளை நிறுத்துங்கள் என்பதுதான். முன்னறையில் அலமாரிகளை வைத்து, வயது வாரியாக மடித்து அடுக்குவோம். வருகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும். நாற்காலி போடுவோம், பால் கொடுக்க ஒரு மறைவு இருக்கட்டும். இரண்டு சனிக்கிழமை எங்கள் குழுவில் இதைச் செய்து பார்த்தோம். எல்லாரும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தோம். பெரும்பாலானவர்கள் நாங்கள் பையில் போட்டிருக்கக்கூடியதைவிடக் குறைவாகத்தான் எடுத்தார்கள். ஒருத்தி ஒரு மஞ்சள் சட்டையை எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி மடித்து வைத்துவிட்டு, பச்சையை எடுத்தாள். அதற்கே பத்து நிமிடம் ஆனது. பின்னால் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.

நன்கொடையாளர்களிடம் பேசுவது உங்கள் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். "இதை நாங்கள் வாங்குவதில்லை" என்ற பட்டியல் வாசலில் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டும் போதும். முகத்துக்கு நேரே மறுக்க எங்களில் பாதிப் பேருக்கு வாய் வருவதில்லை, அதனால்தான் பின்னறை நிறைகிறது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. அந்த கார் சீட் இன்னும் பின்னறை மூலையில்தான் இருக்கிறது. இந்த வாரம் என்னால் வர முடியாது. அதை அப்படியே வெளியே வைத்தால் யாராவது எடுத்துக்கொண்டு போய் வண்டியில் மாட்டிவிடுவார்கள். பட்டைகளை வெட்டி, மேலே மார்க்கரால் "காலாவதி" என்று எழுதிவிட்டுத் தூக்கிப் போடுங்கள். கத்தரிக்கோல் மேசையின் இரண்டாவது டிராயரில் இருக்கிறது, மொட்டையாக இருக்கும், கொஞ்சம் அழுத்தித்தான் வெட்ட வேண்டும்.

இப்படிக்கு,
சனிக்கிழமை தரம் பிரிக்கிறவர்களில் ஒருத்தி